மூலம் யார் வீட்டில்? ஆவண மின்னாக்க நல்கைகளின் வரலாறு: கொல்லிமலை அடிவாரத்திலிருந்து ஓர் ஆய்வு

துறையூரிலிருந்து உப்பிலியபுரம் வழியாகப் போகும் பேருந்து புளியஞ்சோலையோடு நின்றுவிடும். அதற்கு மேல் பாறைகளுக்கு இடையே ஐயாறு இறங்கி வருகிறது. அதை ஒட்டிய நடைபாதை கொல்லிமலைக்கு ஏறுகிறது. ஆற்றில் கால் நனைப்பவர் நிற்பது திருச்சிராப்பள்ளி மாவட்டம். அவர் அண்ணாந்து பார்க்கும் மலை நாமக்கல் மாவட்டம். 1997 ஜனவரிக்கு முன்பு அந்த மலை சேலம் மாவட்டத்தில் இருந்தது. இதனால் ஒரே சரிவைப் பற்றிய அரசுக் காகிதங்களைத் தேடிப் புறப்படுபவர் திருச்சி, சேலம், நாமக்கல் என்று மூன்று ஊர்களுக்கு அலைந்துவிட்டு, கடைசியில் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கும் போக வேண்டியிருக்கிறது.

அரசுக் காகிதத்துக்காவது ஒரு பதிவறையும் அதற்கொரு பொறுப்பாளரும் உண்டு. வீட்டுக் காகிதத்துக்கு அதுவும் இல்லை. ஜமீன்களை ஒழித்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு ஜமீன் கச்சேரிகளின் கணக்குக் கட்டுகளைக் கேட்க ஆளில்லாமல் போயிற்று. 1980 நவம்பரில் பரம்பரைக் கர்ணம், முன்சீப் பதவிகள் ஒழிந்தபோதும் இதே கதைதான். அரசுக்குரிய கணக்குகள் கைமாறின. குடும்பங்கள் தமக்கென்று எழுதி வைத்துக்கொண்டவை பல ஊர்களில் பரணிலும் மரப்பெட்டியிலும் தங்கிவிட்டன. கிரயப் பத்திரம், ஒற்றிச் சீட்டு, அடமான ஓலை, பாகப்பிரிவினை, முச்சலிக்கா, ஊர்ப் பஞ்சாயத்து சொன்ன தீர்ப்பு என்று தமிழ்நாட்டுக் கிராமத்தின் அன்றாட வரலாறு எழுதப்பட்டிருப்பது இவற்றில்தான்.

இவற்றைக் காப்பாற்ற யார் பணம் கொடுத்தார்கள், எந்த நிபந்தனையில் கொடுத்தார்கள் என்பதை இக்கட்டுரை இருநூறு ஆண்டு அளவில் பின்தொடர்கிறது. ஓலை தாளாகி, தாள் நுண்படச் சுருளாகி, சுருள் மின்படிவமானது என்று இந்த வரலாற்றைத் தொழில்நுட்பத்தின் கதையாகச் சொல்வதுதான் வழக்கம். என் பார்வையில் அதைவிடப் பெரிய மாற்றம் நிகழ்ந்தது வேறோர் இடத்தில். பணம் வந்தபோது மூலம் எங்கே போனது என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு பதில் தந்திருக்கிறது.

கும்பினி கொடுத்த பத்தாயிரம் பவுன்

தென்னிந்திய ஆவணத் தேட்டத்தின் முதல் பெரும் அத்தியாயம் காலின் மெக்கன்சியுடையது. கும்பினிப் படையில் சேர்ந்து இந்தியாவின் தலைமை நில அளவையாளராக உயர்ந்த அவர், ஊர் ஊராக ஆள் அனுப்பிச் சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் ஊர் வரலாறுகளான கைபீதுகளையும் திரட்டினார். அலைந்து, கேட்டு, படித்து, எழுதிக் கொடுத்தவர்கள் உள்ளூர்ப் புலமையாளர்கள். அவர்களில் தலையானவர்கள் காவலி சகோதரர்கள். மூத்தவர் போரய்யா 1803இல் மறைந்த பிறகு தம்பி லட்சுமய்யா அந்தப் பணியைத் தாங்கினார்.

1821இல் மெக்கன்சி கல்கத்தா அருகே இறந்தார். அவருடைய தொகுப்பைக் கிழக்கிந்தியக் கும்பினி 10,000 பவுன் கொடுத்து அவர் மனைவியிடமிருந்து வாங்கிக்கொண்டது. எச்.எச். வில்சன் 1828இல் அதற்கு விவரப்பட்டியல் வெளியிட்டார். தொகுப்பு பிரிந்தது. ஒரு பங்கு லண்டனுக்குப் போனது, ஒரு பங்கு சென்னைக்குத் திரும்பி இன்றைய அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தை வந்தடைந்தது.

இந்தக் கதையில் நல்கை வரலாறு எழுதுபவர் நின்று பார்க்க வேண்டிய இடம் அடுத்து வருகிறது. மெக்கன்சிக்குப் பின் அந்தத் தேட்டத்தைத் தம் பொறுப்பில் தொடர அனுமதியும் ஆதரவும் தரும்படி லட்சுமய்யா கேட்டார். 1830களில் அந்த வேண்டுகோள் வங்காள ஆசியக் கழகத்தின் பார்வைக்குப் போனது. கழகத்தின் செயலாளர் ஜேம்ஸ் பிரின்செப் அதை ஏற்கவில்லை. ஐரோப்பிய மேற்பார்வை இல்லாமல் ஓர் இந்தியரால் அத்தகைய ஆய்வை நடத்த முடியாது என்பது அவர் கருத்தின் சாரம். தென்னிந்தியர் ஒருவர் தம் ஊர் ஆவணங்களைத் தொகுக்க நிதி கேட்டு மறுக்கப்பட்ட நேர்வுகளில் எனக்குத் தெரிந்து மிகப் பழையது இது. அந்தத் தேட்டத்தின் கண்ணும் காதுமாக இருந்தவர் லட்சுமய்யா. அவருடைய விண்ணப்பம் அன்று ஏற்கப்பட்டிருந்தால் கொல்லிமலை போன்ற உள்நிலங்களிலிருந்து இன்னும் எவ்வளவு வந்து சேர்ந்திருக்கும் என்ற ஏக்கத்தை மறைத்து எழுத என்னால் இயலவில்லை.

பிறகு வந்த நூறாண்டு இரண்டு தடத்தில் போனது. ஒன்று அரசுத் தடம். 1886இல் ஹூல்ஷ் கல்வெட்டாய்வாளராக அமர்ந்து மைப்படிகள் எடுக்கத் தொடங்கினார். எழும்பூர் ஆவணக் காப்பகக் கட்டடம் 1909இல் எழுந்தது. மற்றொன்று, உ.வே. சாமிநாதையர் போன்றோர் ஆதீனங்கள், சந்தாதாரர்கள் துணையோடு வீடு வீடாகச் சென்று சுவடி தேடிய தடம். மைப்படிகளின் கதைக்கு நம் காலத்திலும் ஒரு பின்னிணைப்பு உண்டு. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் உதகையில் சேர்ந்து பின் மைசூருக்குப் போயின. அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021இல் உத்தரவிட்டது. படியாக இருந்தாலும் அது எந்த ஊரில் இருக்கிறது என்பது மக்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு அந்த வழக்கே சாட்சி.

கோதுமைக் கடனும் கோட்டையூர் வீடும்

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பணம் எதிர்பாராத வாசல் வழியாக வந்தது. அமெரிக்கா 1954இல் இயற்றிய பி.எல். 480 சட்டப்படி இந்தியாவுக்குக் கோதுமை அனுப்பியது. அதற்கான விலையை இந்தியா ரூபாயில் கட்டியது. இங்கேயே செலவழிக்க வேண்டிய அந்த ரூபாயில் ஒரு பகுதியைக் கொண்டு, 1962 முதல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இந்திய மொழி நூல்களை வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. ரேஷன் கடையில் நம் தாத்தா பாட்டிகள் வரிசையில் நின்று வாங்கிய கோதுமைதான் சிகாகோ நூலக அலமாரிகளில் தமிழ் நூல்களாக ஏறியது. 1967இல் தெற்காசிய நுண்படத் திட்டம் சிகாகோவை மையமாகக் கொண்டு தொடங்கியது. பல பல்கலைக்கழகங்கள் சந்தா போட்டுப் பொதுவில் படம் எடுக்கும் கூட்டு முறை அப்போதுதான் வேரூன்றியது. இன்று கூட்டு மின்னாக்கம் என்று நாம் சொல்வதன் பழைய வடிவம் அது.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் விளம்பரப் பலகை எழுதும் கலைஞராக வாழ்ந்தார். நூல், இதழ், நாடக நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை, பாட்டுப் புத்தகம் என்று கிட்டத்தட்ட ஒரு லட்சம் பொருள்களைச் சொந்தக் காசில் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் இருந்த ஏ.கே. ராமானுஜனுக்கு அந்தத் தொகுப்பின் அருமை தெரிந்திருந்தது. நூலகர் ஜேம்ஸ் நை முயற்சியில் பல்கலைக்கழகம் அதை விலைக்கு வாங்கியது.

மெக்கன்சி காலத்து வழக்கம் நீடித்திருந்தால் அடுத்த காட்சி கப்பலாகத்தான் இருந்திருக்கும். இம்முறை அப்படி நடக்கவில்லை. தொகுப்பு கோட்டையூரிலிருந்து சென்னைக்கு வந்தது. 1994இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பிறந்தது. கடல் கடந்து போனவை நுண்படச் சுருள்கள் மட்டுமே. பணம் கொடுத்தவர் படியோடு திருப்தி அடைய, மூலம் தமிழ்நாட்டிலேயே இருந்தது. இங்கேயே ஆட்கள் பயிற்சி பெற்றார்கள், இங்கேயே படச் சுருள் கழுவும் வசதியும் பழுதுபார்க்கும் கையும் உருவாயின. நல்கையால் ஊரில் ஒரு தொழில்திறன் தங்கியது என்பதை அந்த ஏற்பாட்டின் மிகப் பெரிய பயனாக நான் கருதுகிறேன்.

பெட்டிப்பால் செல்வத்திலிருந்து பஞ்சாயத்து ஓலைக்கு

ரோஜா முத்தையா தொகுப்பில் ஒரு நல்ல முடிவாக இருந்ததை 2004இல் ஒரு திட்டம் விதியாகவே எழுதி வைத்தது. லிஸ்பெட் ரவுசிங், பீட்டர் பால்ட்வின் இருவரும் தோற்றுவித்த ஆர்க்கேடியா அறக்கட்டளையின் பணத்தில் பிரிட்டிஷ் நூலகம் தொடங்கிய அழிநிலை ஆவணங்கள் திட்டம் அது. லிஸ்பெட்டின் பாட்டனார் ரூபன் ரவுசிங், பாலும் பழச்சாறும் அடைத்து விற்கும் டெட்ரா பேக் அட்டைப்பெட்டி நிறுவனத்தைத் தொடங்கியவர். திட்டத்தின் முதல் விதி, மூல ஆவணம் பிறந்த நாட்டை விட்டு வெளியேறக் கூடாது. எடுத்த படங்களின் ஒரு தொகுதி அந்நாட்டு நிறுவனம் ஒன்றில் இருக்க வேண்டும். இன்னொரு தொகுதி லண்டனுக்குப் போகும். ஏறக்குறைய 90 நாடுகளில் 500க்கும் மேற்பட்ட பணிகளுக்கு இத்திட்டம் நிதி அளித்திருக்கிறது.

இரண்டாவது புதுமை, முன்னோட்ட நல்கை. என்ன கிடைக்கும் என்று தெரியாதபோதே, போய்ப் பார்த்து, கேட்டு, கணக்கெடுத்து வருவதற்கென்று சிறு தொகை கொடுப்பார்கள். அதில் நம்பிக்கை பிறந்தால் பெரிய நல்கைக்கு விண்ணப்பிக்கலாம். அலுவலக ஆவணத்துக்கு இது அவசியமில்லை, அது எந்த அறையில் இருக்கிறது என்று தெரியும். வீட்டுக் காகிதத்துக்கோ தேடுவதே பாதி வேலை.

ரோஜா முத்தையா நூலகம் இந்த நிதியில் தமிழ்நாட்டு வரலாறு சார்ந்த பழைய அச்சு நூல்களைப் பல நூலகங்களில் தேடிப் படமெடுத்தது. நம் பொருளுக்கு மிக நெருக்கமான பணி புதுச்சேரியில் நடந்தது. 1955இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் சைவச் சுவடிகளுக்காகப் பெயர் பெற்றது; 2005இல் அச்சுவடிகள் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் ஏறின. அங்கிருந்து ஜோயி ஹெட்லி, 1870 முதல் 1940 வரையிலான ஊர்ப் பஞ்சாயத்து ஆவணங்களைத் தேடிப் படியெடுக்கும் முன்னோட்டப் பணியை மேற்கொண்டார். கோயிலும் மடமும் காத்த சாத்திரச் சுவடியிலிருந்து, யார் நிலம், யார் வாய்க்கால், யாருக்கு முதல் மரியாதை என்று ஊரார் கூடித் தீர்த்த வழக்குக்குக் கவனம் திரும்பியது. ஓலை, செப்பேடு, தாள் மூன்றிலும் இத்தகைய ஆவணங்கள் தனியார் வீடுகளில் இருந்தன. அந்தத் தேடல் விரிந்து காலனிக் காலத் தமிழ் வேளாண் வரலாற்றுக்கான மின்னாவணத் தொகுப்பாக வளர்ந்தது. அதன் இரண்டாம் கட்டம் 1650 முதல் 1950 வரை எல்லையை நீட்டியது. பிறகு அதே குழு பழைய புகைப்பட நிலையங்களின் படங்களைத் தேடியும் போனது.

இந்த வேலை மேசையில் எப்படி நடக்கும் என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். ஓலைக்கட்டு வந்ததும் கயிறு அவிழ்க்கும் முன்பே கட்டு இருந்த நிலையைப் படமெடுக்கிறார்கள்; எந்த ஏடு எந்த ஏட்டை அடுத்து இருந்தது என்பதும் ஒரு சான்று. மென்தூரிகையால் தூசி நீக்கி, காய்ந்து முறுகிய ஏட்டில் வாசனைப்புல் தைலத்தைப் பஞ்சால் தடவுகிறார்கள். எழுத்தாணி கீறிய தடத்தில் பழைய மை உதிர்ந்திருந்தால் கரி பூசித் துடைக்கிறார்கள். பள்ளத்தில் மட்டும் கரி தங்க, வெறும் கீறலாகத் தெரிந்தது எழுத்தாக எழுந்து நிற்கும். பிறகு கறுப்புத் துணிமேல் ஏட்டை வைத்து, பக்கத்தில் அளவுகோலும் வண்ண அட்டையும் வைத்து, இருபுறமும் விளக்கு ஏற்றி, மேலிருந்து நேராகப் படம். புரட்டி மறுபுறம். எண் தவறாமல் அடுத்த ஏடு. ஒரு நாளில் எத்தனை ஏடு முடியும் என்பதைக் கேமராவைக் காட்டிலும் தைலம் தடவும் விரலே தீர்மானிக்கும்.

படம் எடுத்தது வேலையில் பாதிகூட ஆகாது. தேதி, ஊர், இனம், எழுதியவர், எழுதிக்கொடுத்தவர், சாட்சி என்று ஒவ்வொன்றையும் படித்துப் பட்டியலிட்டால்தான் பின்னால் ஒருவர் தேடி எடுக்க முடியும். அதற்குத் தமிழெண் தெரிய வேண்டும். மாவும் காணியும் முந்திரியும் தெரிய வேண்டும். புள்ளியில்லாத ஓலையில் குறில் நெடில் பிரித்துப் படிக்கத் தெரிய வேண்டும். ஆண்டின் பெயரை மட்டும் எழுதியிருந்தால் அது எந்த அறுபதைச் சேர்ந்தது என்று கணிக்கவும் தெரிய வேண்டும். நல்கைக் காலமோ முன்னோட்டத்துக்கு ஓராண்டு, பெரும்பணிக்கு இரண்டாண்டு அளவு. பழகிய ஆள் கைதேர்ந்து வரும் நேரத்தில் நிதி முடிந்துவிடுகிறது. ஆளுக்குத் தொடர்ச்சியான சம்பளம் தராத எந்த நல்கை முறையும் குறையுள்ளதே என்பது என் உறுதியான எண்ணம்.

நல்கை இல்லாமல் நடந்தவை

இந்த வரலாறு முழுக்க நல்கையால் ஆனதன்று. 1998 பொங்கல் நாளில் சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய, தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்கும் மதுரைத் திட்டம் தன்னார்வலர் தட்டச்சிலேயே வளர்ந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து 97,000 அளவிலான நூல்களும் சுவடிகளும் சாம்பலான துயரம் ஈழத் தமிழர் மனத்தில் ஆறாதிருந்தது. படி இல்லாத மூலம் எரிந்தால் எதுவும் மிஞ்சாது என்பதை நெருப்பு கற்றுக்கொடுத்திருந்தது. 2005இல் ஈழத்து ஆவணங்களை மின்னாக்கும் நூலகம் திட்டம் தொடங்கியபோது அதைச் சுமந்தவர்கள் இளைஞர்கள். பணம் பெரும்பாலும் ஊராரும் புலம்பெயர்ந்தோரும் கொடுத்த சிறுசிறு தொகை. நிறுவனமாகக் காலூன்றிய பிறகுதான் வெளி நல்கைகளைப் பெறும் வலு அதற்கு வந்தது. தமிழக அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகம் 2017இல் மின்னூலகம் திறந்தது. நடுவணரசின் தேசியச் சுவடிகள் இயக்கம் 2003இலேயே வந்திருந்தது. இவற்றிலிருந்து வேறுபட்டு, ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் நிதியில் 2014 முதல் 2019 வரை ஏவா வில்டன் நடத்திய திட்டம் இலக்கியச் சுவடிகள் பலவற்றைப் படமாக்கியது. இவை ஒவ்வொன்றும் தனிக் கட்டுரைக்கு உரியவை.

சரிவில் எழும் கேள்விகள்

இந்த அனுபவத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு கொல்லிமலைச் சரிவுக்கு வந்தால் மூன்று சிக்கல்கள் எதிர்ப்படுகின்றன.

முதலாவது, ஆவணம் என்றாலே எழுதியது என்ற எண்ணம். இம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின், நாடு எனப்படும் ஊர்த்தொகுதி அமைப்பில் ஊர்க் கூட்டமும் நாட்டுக் கூட்டமும் வழக்குத் தீர்த்த முறையை 1883இல் வெளிவந்த லெ பானுவின் சேலம் மாவட்டக் கையேடும் 1909இல் வந்த, தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய தர்ஸ்டனின் தொகுதிகளும் வெளியாரின் கண்ணால் பதிவுசெய்தன. அந்தத் தீர்ப்புகள் பெரும்பாலும் வாய்ச்சொல்லாகவே நின்றவை. ஓலைக்கும் தாளுக்கும் மட்டும் பணம் தரும் நல்கை, இங்கே நீதி சொன்னவர்களை விட்டுவிட்டு அவர்களிடமிருந்து நிலம் வாங்கியவர்களின் பத்திரங்களை மட்டும் திரட்டிக்கொண்டு போகும் ஆபத்து உண்டு. ஒலிப்பதிவும் அதே நல்கைக்குள் வர வேண்டும்.

இரண்டாவது, சம்மதம். 1882ஆம் ஆண்டு மதராஸ் வனச் சட்டம் மலைக்காட்டுக்குக் கோடு போட்ட நாளிலிருந்து இங்கே ஒவ்வொரு பழைய காகிதமும் உரிமைச் சான்று. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிப்பவருக்குப் பழைய அரசுப் பதிவும் உதவும், பெரியவர்களின் வாக்குமூலமும் உதவும். சாதிச் சான்றிதழுக்கு அலையும் குடும்பத்துக்குப் பாட்டன் பெயர் இருக்கும் ஒரு துண்டுச் சீட்டு சொத்துக்குச் சமம். அதே சீட்டு இணையத்தில் ஏறினால் எதிர்வழக்காடுபவர் கையிலும் கிடைக்கும். எல்லார்க்கும் திறந்திருப்பதே நல்லது என்று லண்டனிலோ சென்னையிலோ எளிதாகச் சொல்லிவிடலாம். பெட்டியைத் திறந்து காட்டும் வீட்டாருக்கு அது வேறு கணக்கு. கையெழுத்து வாங்கும் படிவத்தில் எதை வெளியிடலாம், எதை எத்தனை ஆண்டு மூடி வைக்கலாம், எதைத் திரும்பப் பெறலாம் என்று அவர்களே குறிக்க இடம் வேண்டும். வீட்டுக்கு ஒரு முழுத் தொகுதி அச்சுப்படி கொடுப்பதும் செலவுத் திட்டத்தில் ஒரு தலைப்பாக இருக்க வேண்டும்.

படி ஊரில் இருக்க வேண்டும் என்று சொல்வதற்கு 2023 அக்டோபர் இறுதியில் இன்னொரு காரணமும் சேர்ந்தது. இணையக் கொள்ளைக் கும்பல் ஒன்று பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளை முடக்கியது. மீட்புப் பணம் கொடுக்க நூலகம் மறுத்தது. சேவைகள் மாதக்கணக்கில் முடங்கின. உலகெங்குமிருந்து அங்கே போய்ச் சேர்ந்த மின்படிவங்களும் அந்தக் காலத்தில் வாசகருக்கு எட்டாமல் இருந்தன. இரண்டு இடத்தில் வைக்கச் சொன்ன பழைய விதியின் அருமை அப்போது புரிந்தது. உள்நாட்டு நிறுவனம் தன் தொகுதியை வட்டு மாற்றி, சரிபார்த்து, உயிரோடு வைத்திருந்தால்தான் அந்த விதிக்குப் பொருள். வட்டு மாற்றும் செலவை இரண்டாண்டு நல்கை ஏற்காது.

மூன்றாவது சிக்கல் சிறியதாகத் தெரியும். விவரப் பட்டியலில் இடம் என்று ஒரு கட்டம் உண்டு. சரிவிலிருந்து ஒரு பத்திரம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஊர்ப் பெயருக்கு முன்னால் சேலூர்நாடு என்றோ வளப்பூர்நாடு என்றோ எழுதியிருக்கும். அந்த நாட்டுப் பெயர்கள் இன்றும் மலையில் ஊராட்சிப் பெயர்களாக வழங்குகின்றன: வாழவந்திநாடு, அரியூர்நாடு, தின்னனூர்நாடு, குண்டூர்நாடு, தேவானூர்நாடு. கட்டத்தில் நாமக்கல் என்று இட்டால் பத்திரம் எழுதிய நாளில் இல்லாத மாவட்டத்தை எழுதியவர்கள் ஆவோம். சேலம் என்று இட்டால் இன்றைய பேரன் தேடும்போது கிடைக்காது. அடிவாரத்தில் எழுதிய பத்திரமென்றால் திருச்சி என்று வேறு வரும். ஒரே கட்டத்தை மூன்றாகப் பிரித்து, பத்திரம் சொல்லும் நாட்டையும் ஊரையும் அதன் எழுத்திலேயே முதலில் எழுதி, எழுதிய காலத்து மாவட்டத்தை அடுத்தும் இன்றைய மாவட்டத்தைக் கடைசியிலும் எழுதலாம். முதல் கட்டத்தைப் பிழையில்லாமல் நிரப்ப, அந்த நாட்டுக்காரர் ஒருவர் மேசையருகே உட்கார்ந்திருக்க வேண்டும். அவருடைய நாள் கூலியைச் செலவுத் திட்டத்தின் முதல் வரியாக எழுதியே விண்ணப்பம் தொடங்க வேண்டும்.